இரவல் விரல்

புரட்டாசி 2, வியாழன்

காலையிலிருந்து தூறல். நனைக்கவும் மாட்டேன், விடவும் மாட்டேன் என்கிறது. குறுவை தலை சாய்ந்து நிற்கிறது. அறுப்பு வண்டிக்காரன் போனை எடுக்கவில்லை. எடுத்தாலும் "கிளம்பிட்டேண்ணே" என்பான். திங்கட்கிழமையிலிருந்து கிளம்பிக்கொண்டிருக்கிறான்.

உரக்கடையில் இனாமாகக் கொடுத்த டைரி. பாதிப் பக்கத்தில் பூச்சிமருந்துப் படம். வீட்டில் யாரும் தொட மாட்டார்கள். அந்தத் தைரியத்தில்தான் எழுதுவது.

செய்ய வேண்டியவை:
சம்பா நாற்றங்காலில் தண்ணீர் வடிக்க.
தார்ப்பாய் வாங்கி வர. (கூட்டாளி கோவிந்துவிடம் இருக்கிறது. என்னுடையதுதான்.)
நிவேயைக் கவனிக்க.

நிவே என் மகள். ஒரே பிள்ளை. தஞ்சாவூரில் காலேஜ் முதல் வருடம், தினமும் ஒரத்தநாடு போய் பஸ். கொஞ்ச நாளாக நடவடிக்கை சரியில்லை. நான் போனால் செல்போனைக் கவிழ்த்து வைக்கிறாள். ஆள் இளைத்துவிட்டாள், சுடிதாரை செ. (செல்வி, வீட்டு நிர்வாகம்) இரண்டு தடவை பிடித்துத் தைத்துவிட்டாள். இரண்டு லிட்டர் பாட்டில் காலேஜுக்கு நிறைந்து போகிறது, காலியாக வருகிறது. வந்ததும் சொம்பு சொம்பாகக் குடிக்கிறாள். பிறகு தூக்கம்.

எவனோ ஒருவன். சந்தேகமே இல்லை. நானும் அந்த வயதில் இளைத்தேன். செ. வீட்டு வாசல் அடிபம்பில் ஒரு நாளைக்கு நான்கு தடவை தண்ணீர் குடித்திருக்கிறேன். அறிகுறி எனக்குத் தெரியாதா.

புரட்டாசி 3, வெள்ளி

மழை இல்லை. வண்டியும் இல்லை.

மேலத்தெரு சிங்காரம் அண்ணன் கருமாதி. மனுஷன் சுகரில் போனவர். கால் விரலில் ஆரம்பித்து முழங்கால் வரை எடுத்தும் நிற்கவில்லை. பந்தியில் என் வரிசையில் மூன்று சுகர்காரர்கள். "நமக்கு ஆகாதுப்பா" என்று மூவரும் சொன்னோம். பாயசம் வந்தது. மூவரும் டம்ளரை நீட்டினோம். நான் இரண்டு.

கை கழுவும்போதுதான் ஞாபகம் வந்தது, நாளை சனி.

எனக்குப் போன வருடம் சுகர் வந்தது. அன்று செ. போட்ட சட்டம்: சனிக்கிழமை காலை வெறும் வயிற்றில் மெஷினில் குத்திப் பார்த்து, சுகர் நோட்டில் எழுதி, அவளிடம் காட்ட வேண்டும். டாக்டரிடம் நோட்டைக் கொண்டுபோவது அவள். கோர்ட்டுக்கு ஆவணம் போவது போலப் போகும்.

நிவே சாயங்காலம் ஏழு மணிக்கே படுத்துவிட்டாள். போன் தலையணைக்கு அடியில்.

புரட்டாசி 4, சனி

நல்ல வெயில். புரட்டாசிச் சனி, செ. பெருமாள் தளிகைக்கு அடுப்படியில் வெல்லம் தட்டிக்கொண்டிருந்தாள். சமயம் பார்த்தேன்.

பன்னிரண்டாவதில் கணக்கில் போனவன் நான். ஆனால் இந்த மாதிரி யோசனை மட்டும் பஞ்சமில்லாமல் வரும். மெஷினை எடுத்துக்கொண்டு நிவேயிடம் போனேன். விரதம், அவளும் எதுவும் சாப்பிடவில்லை.

"கண்ணு, அப்பாவுக்கு ஒரு ஒத்தாசை. ஒரு விரல் கொடு."

"எதுக்கு?"

"மண்வெட்டி புடிச்சு எனக்குக் காய்ச்சுப்போச்சு. குத்தினா ரத்தமே வரமாட்டேங்குது."

"பாயசம் எத்தனை டம்ளர்?"

"ரெண்டு."

சிரிப்பாள், திட்டுவாள், அம்மாவைக் கூப்பிடுவாள் என்று மூன்றுக்கும் தயாராக இருந்தேன். ஒன்றும் செய்யவில்லை. எழுந்துபோய் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வந்து விரலை நீட்டினாள். ஊசி குத்தியதற்கு முகம்கூடச் சுளிக்கவில்லை. மெஷினை அவளே வாங்கி வைத்துக்கொண்டாள். எண் வந்ததும் கட்டைவிரலால் மூடினாள். கொஞ்ச நேரம் கொடுக்கவே இல்லை.

"என்ன வந்துச்சு, காட்டு."

அதற்குள் செ. வந்து பிடுங்கிவிட்டாள். 386.

"முந்நூத்தி எம்பத்தாறு. என்னத்தைங்க தின்னீங்க?"

"மெஷின் கோளாறு."

"மெஷினா கருமாதிக்குப் போச்சு?"

நோட்டில் அவளே எழுதினாள், சிவப்பு மையில். தளிகைச் சர்க்கரைப் பொங்கல் தெருவில் எல்லாருக்கும் போனது. எனக்குத் துளசித் தண்ணீர்.

திருடப் போன வீட்டில் நாய்கூடக் கடிக்கலாம். வீட்டுக்காரனுடைய வழக்கும் சேர்ந்து தலையில் விழுந்தது எனக்குத்தான்.

புரட்டாசி 5, ஞாயிறு

மூட்டம். கோதுமை ரவைக் கஞ்சி, வேளைக்கு ஒரு கரண்டி. செ. எதிரில் உட்கார்ந்து பார்க்கிறாள்.

மெஷின் கெட்டுவிட்டதா என்று தெரிய வேண்டும். மோட்டார் கொட்டகைக்கு எடுத்துப்போய் என் விரலிலேயே குத்தினேன். 168. பாயசத்துக்கு நியாயமான எண். அப்படியானால் மெஷின் நல்ல மெஷின்.

அப்படியானால்?

நிவே கையில் வெல்லம் ஒட்டியிருக்கும். ஆனால் சோப்புப் போட்டுக் கழுவினாள். துடைத்த துண்டில் வெல்லம் இருந்திருக்கும். ஆமாம், துண்டுதான். செ. அந்தத் துண்டில்தான் கை துடைத்தாள்.

துண்டை முகர்ந்து பார்த்தேன். சாம்பார் வாசம்.

நிவேயிடம் கேட்டேன். "மெஷின்தாம்ப்பா, விடுங்க" என்றாள். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. ஆனால் கேட்டு முடிப்பதற்குள் சொல்லிவிட்டாள். அது கொஞ்சம் இடிக்கிறது.

மதியம் செ. மெஷினில் செருகும் ஸ்டிரிப் டப்பாவை வைத்துக்கொண்டு விசாரணை. "ஸ்டிரிப்பு ரெண்டு குறையுது."

நான் எடுத்தது ஒன்று. சாமி சத்தியமாக ஒன்றுதான். ஆனால் ஒன்று என்று சொன்னால் எதற்கு எடுத்தாய் என்பாள். "எலி" என்றேன். பார்த்தாள் பாருங்கள் ஒரு பார்வை.

இன்னொன்றை எடுத்தது யார்?

புரட்டாசி 6, திங்கள்

வண்டி வந்தது. பத்து மணிக்குள் அறுத்துத் தள்ளிவிட்டுப் போய்விட்டான். நெல்லை டிராக்டரில் ஏற்றிக் கொள்முதல் நிலையம். வரிசை.

ஈரம் பார்க்கும் மெஷினில் ஒரு கை அள்ளிப் போட்டார்கள். ஈரம் அதிகம், காயவைத்துக் கொண்டுவா என்றார்கள். நான் ஒரு மணியை எடுத்துப் பல்லில் கடித்தேன். டக்கென்று உடைந்தது. முப்பது வருடமாக என் பல் சொன்னது தப்பியதில்லை.

"சார், கடிச்சுப் பாருங்க."

"பல்லுல பில்லு போட முடியாதுங்க பெரியவரே."

பெரியவராம். ஐம்பது ஆகவில்லை.

கோவிந்து பக்கத்துக் கொல்லைக்காரன், பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டாளி. "மாப்ள, உன் பல்லு பழைய மாடல்" என்றான். சாலை ஓரமாகத் தார்ப்பாய் விரித்து நெல்லைக் கொட்டினோம். இந்தக் காலத்தில் மெஷின் எது சொன்னாலும் வேதம். எனக்கு நம்பிக்கை இல்லை.

வீட்டுக்கு வந்தால் செ. வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். நிவே காலேஜ் போகவில்லை, வயிற்று வலியாம். அது ஒரு பக்கம்.

"கொல்லையில பாத்ரூம் தரையெல்லாம் எறும்பு மொய்க்குது. எல்லாம் உங்க சுகர் பண்ற சீர்தான். தண்ணி ஊத்தி ஊத்தி என் கை போச்சு."

சரி என்று தலையாட்டிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தேன். அப்புறம்தான் உறைத்தது. நான் அந்தப் பாத்ரூமுக்குப் போய் நான்கு நாள் ஆகிறது. காலையிலிருந்து இருட்டும் வரை வயல், வாய்க்கால் கரை. குளிப்பதும் போர்செட் தண்ணீரில். செ. அதற்குப் போவது வீட்டுக்குள் இருப்பதில்.

கொல்லைப் பாத்ரூம் நிவேயுடையது.

தண்ணீர், இளைப்பு, தூக்கம், எறும்பு, 386. எவனுமில்லை. எவனாவது இருந்தால் தேவலை.

செ.விடம் சொல்ல வேண்டும். சொன்னால் விரலைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாளைக் காலை சொல்கிறேன்.

புரட்டாசி 7, செவ்வாய்

ஆஸ்பத்திரி வராந்தா, தஞ்சாவூர். ஆதார் வைக்கும் மஞ்சள் பையில் இந்த டைரியும் வந்துவிட்டது. மணி மூன்று.

காலை ஆறு மணிக்கு நிவே வாந்தி. திரும்பத் திரும்ப. ஓடி வந்தவள் போல மூச்சு இழுக்கிறாள், ஆனால் கட்டிலில்தான் கிடக்கிறாள். வாயிலிருந்து அழுகின பழ வாசம். செ. ஓமத் தண்ணீர் கலக்கப் போனாள்.

"செல்வி, அந்த முந்நூத்தி எம்பத்தாறு என்னுது இல்ல."

"பின்ன யாருது?"

நான் நிவேயைப் பார்த்தேன். செ.வும் பார்த்தாள். கையிலிருந்த டம்ளரை ஜன்னலில் வைத்தாள்.

"ஆட்டோவைக் கூப்புடுங்க."

அவ்வளவுதான். மூன்று நாளாக என்னைத் திட்டியவள், வழி முழுக்க ஒரு வார்த்தை இல்லை. திட்டியிருக்கலாம்.

ஒரத்தநாட்டு ஆஸ்பத்திரி மெஷினில் எண்ணே வரவில்லை, அளவு தாண்டிவிட்டதாம். ஒரு பாட்டில் ஏற்றி, அங்கிருந்து ஆம்புலன்ஸில் இங்கே. உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். சலைன், இன்சுலின், இன்னும் ஏதோ. சுகர் ஏறி ரத்தத்தில் அமிலம் சேர்ந்திருக்கிறதாம்.

சின்ன வயது டாக்டரம்மா ஒருத்தர் காகிதத்தோடு வந்தார்.

"முதல்ல எப்ப டெஸ்ட் பண்ணுனீங்க?"

"சனிக்கிழமைங்க."

"இன்னைக்கு செவ்வாய்."

"ஆமாங்க."

ஏன் என்று கேட்பார் என்று நின்றேன். கேட்கவில்லை. எழுதிக்கொண்டு போய்விட்டார்.

இரண்டு டம்ளர் பாயசம்.

புரட்டாசி 9, வியாழன்

வெளியே மழை போல. உள்ளே தெரியவில்லை.

நேற்று ஒன்றும் எழுதவில்லை. நிவே நேற்று மதியம் கண் விழித்தாள். இன்று பேசுகிறாள். அமிலம் இறங்கிவிட்டது என்றார்கள். இட்லி ஒன்றரை.

செ. டீ வாங்கப் போன நேரம், என் கையைப் பிடித்து மெதுவாகச் சொன்னாள்.

"நீங்க கேக்கலன்னா நானே எடுத்துப் பாத்துருப்பேம்ப்பா."

"என்னத்தை?"

"எனக்கு ஒரு மாசமாவே டவுட்டு. போன்ல எல்லாம் படிச்சேன். நீங்க விரல் கேட்டதும் நல்லதாப் போச்சுன்னு கழுவிட்டு வந்தேன். கை கழுவாமப் பாத்தா தப்பாக் காட்டும்னு போட்டுருந்துச்சு."

"அப்ப இன்னொரு ஸ்டிரிப்பு?"

"அன்னைக்கு சாயங்காலம். நானூத்திப் பத்து. பயந்துட்டேன். மெஷின்தான்னு நெனச்சுக்கிட்டேன்."

நான் அவளை ஏமாளியாக்கினேன் என்று இருந்தேன். அவள் என்னை வைத்துச் சோதனை நடத்தியிருக்கிறாள். என் பிள்ளைதான். போனைக் கவிழ்த்து வைத்தது இதற்குத்தான். அந்த எவனோ ஒருவனிடம் மானசீகமாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

"ஏம்மா சொல்லல?"

"நீங்க ஏம்ப்பா சொல்லல?"

செ. டீயோடு வந்துவிட்டாள்.

புரட்டாசி 11, சனி

ஆஸ்பத்திரியில் புரட்டாசிச் சனி. செ. ஜன்னல் பக்கம் திரும்பிக் கும்பிட்டாள்.

நிவேயின் காலேஜ் நோட்டில் கடைசிப் பக்கம் கேள்விகள். டாக்டரம்மாவிடம் கேட்பதற்காக. அவள் தூங்கும்போது பார்த்து எழுதிக்கொள்கிறேன், தப்புதான்:

இனிப்பு நிறையத் தின்றதாலா?
அப்பாவிடமிருந்து வந்ததா?
எத்தனை வருஷம் ஊசி? ஊசி போட்டால் பழகிவிடுமா?
பரீட்சை ஹாலில் மயக்கம் வந்தால்?
பஸ்ஸில் வந்தால் யாரிடம் சொல்வது?
கல்யாணம்? குழந்தை?
அம்மா எதற்காக டைபாய்டு என்கிறாள்?

கடைசிக் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். செ. போனில் எல்லாரிடமும் டைபாய்டு என்றுதான் சொல்கிறாள். "நாளைக்கு ஒரு இடத்துலேருந்து பொண்ணு கேட்டு வருவாங்க. ஊசி போடுற பொண்ணுன்னு தெரிஞ்சா?" என்கிறாள். நானும் தலையாட்டி வைத்திருக்கிறேன்.

டாக்டரம்மா நிதானமாகப் பதில் சொன்னார். இனிப்பால் வந்தது இல்லை. அப்பாவுடைய சுகர் வேறு, இது வேறு. உடம்பில் இன்சுலின் சுரக்கிற இடமே வேலையை நிறுத்திவிட்டது. ஊசி எப்போதும் வேண்டும், ஒரு வேளைகூடத் தானாக நிறுத்தக் கூடாது. படிக்கலாம், வேலைக்குப் போகலாம், கல்யாணம் செய்யலாம், டாக்டரைக் கலந்துகொண்டு குழந்தையும் பெறலாம். சுகர் இறங்கினால் வியர்க்கும், கை நடுங்கும். உடனே குளுக்கோஸோ சர்க்கரையோ. கடைசிக் கேள்விக்கு, "அதை அம்மாகிட்டதான் கேக்கணும்" என்றார். செ. புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

இவ்வளவு தன்மையாகச் சொல்கிறாரே, எதையாவது மறைக்கிறாரோ என்று இருந்தது. வெளியே போய் நர்ஸம்மாவிடம் தனியாக அதையே கேட்டேன். அதே பதில்.

மதியம் கோவிந்து வந்தான். நெல்லை இரண்டு நாள் காயவைத்துப் போட்டுவிட்டானாம். "மெஷின்ல பாஸ் ஆயிட்டு மாப்ள. மொத நாள் போட்டுருந்தா மூட்டைக்குள்ள புழுங்கிப் போயிருக்கும். அடியில கை விட்டுப் பாத்தேன், ஈரம்." என் பல்லைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நல்ல மனுஷன்.

மடியிலிருந்து ஒரு பாட்டில் எடுத்தான். பச்சைப் பொடி.

"மச்சான் ஒருத்தன் கொடுத்தான். மூணு மாசம் குடிச்சா ஊசியே வேண்டாமாம்."

"அவன் பொண்ணுக்குக் கொடுத்தானா?"

"அவனுக்குப் பொண்ணு இல்ல."

"ஆமா, நீ எதுக்குக் கொண்டாந்த? நாங்க டைபாய்டுல்ல சொன்னோம்."

"டைபாய்டுக்கு யாரு மாப்ள வயித்துல ஊசி போடுறா."

பாட்டிலை வாங்கிக்கொண்டேன். வாசல் குப்பைக் கூடையில் போட்டேன். செ. எடுத்துவிடுவாளோ என்று அரை மணி நேரம் கூடை பக்கத்திலேயே நின்றேன்.

புரட்டாசி 13, திங்கள்

வீடு. நாற்றங்கால் தப்பித்துவிட்டது.

இன்சுலின் ஃபிரிட்ஜில், இட்லி மாவுக்கு மேல் தட்டில். சாப்பாட்டுக்கு முன் மூன்று, படுக்கும்போது ஒன்று. நிவே தானே போட்டுக்கொள்கிறாள். முதல் தடவை செ. அடுப்படிக்கு ஓடிவிட்டாள். நான் நின்றேன். நின்றேன் என்றால், சுவரைப் பிடித்துக்கொண்டு.

குளுக்கோஸ் டப்பா ஒன்று, மிட்டாய் ஒரு பாக்கெட், நிவே பைக்கு. செ. அந்தப் பாக்கெட்டை ஸ்டேப்ளர் போட்டு மூடிவிட்டாள். யாரை நினைத்து என்று கேட்கவில்லை.

புரட்டாசி 20, திங்கள்

வெயில். சம்பா நடவு முடிந்தது.

நிவே இன்று காலேஜ். ஒரத்தநாட்டு ஸ்டாண்டு வரை வண்டியில் கொண்டுவிட்டேன். பஸ்ஸில் அவளை உட்கார வைத்துவிட்டு, நோட்டுக் கேள்வி ஞாபகம் வர, கண்டக்டரிடம் போனேன். இஞ்சின் ஓடிக்கொண்டிருந்த சத்தத்துக்குத் தக்கபடி சொன்னேன்:

"தம்பி, மூணாவது சீட்டுப் பொண்ணுக்கு சுகர். ஊசி போடுது. வேர்த்துச்சுன்னா பையில மிட்டாய் இருக்கு, எடுத்துக் கொடுக்கணும்."

நடுவில் டிரைவர் இஞ்சினை நிறுத்திவிட்டார். நான் கத்தியதில் பாதி பஸ் முழுக்கக் கேட்டது.

முன் சீட்டில் எங்கள் தெரு ராணி. "டைபாய்டுன்னுல்ல செல்வி சொன்னுச்சு."

நிவே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கண்டக்டர் தம்பி மட்டும், "எங்க அக்காவுக்கும் இருக்குண்ணே, நான் பாத்துக்குறேன்" என்றான். நிஜமாக இருக்கிறதா, எனக்காகச் சொன்னானா, தெரியவில்லை. இறங்கிவிட்டேன்.

சாயங்காலம் வந்து பையைப் போட்டாள்.

"இனிமே நானே சொல்லிக்கிறேன். நீங்க சொன்னா மைக் செட் கட்டுன மாதிரி இருக்கு."

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"பக்கத்துல உக்கார்ற பொண்ணுகிட்ட. மிட்டாய்க்கு ஸ்டேப்ளர் எதுக்குன்னு கேட்டா."

செ. கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ராணி ஏற்கெனவே வந்துபோயிருக்கிறாள் போல. எனக்கு மட்டும் சட்டினி குறைவு.

புரட்டாசி 25, சனி

விடியும்போது மழை, இப்போது இல்லை. கடைசிச் சனி. வெல்லம் தட்டும் சத்தம் இல்லை. தளிகையை ஒத்திவைத்துவிட்டு செ. கூடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டாள். யார் விரல் என்று நேரில் பார்க்க.

ஊசி குத்துவதற்கு முன்பே சொல்லிவிட்டேன். "நேத்து கோவிந்து வீட்டுல அரை அதிரசம்."

"அரையா?" என்றாள் செ.

"ஒண்ணு."

174. என் எண்தான், என் நோட்டுதான். செ. எழுதினாள். எழுதிவிட்டுப் பக்கத்தைத் திருப்பி அந்தச் சிவப்பு 386-ஐப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோடு போட்டு அடித்தாள். மேலே ஒன்றும் எழுதவில்லை.

அடுத்தது நிவே. சோப்புப் போட்டுக் கழுவி வந்தாள். குத்தினாள். கட்டைவிரலால் மூடிக்கொண்டாள். அன்று மூடியது போலவே. செ. என் முழங்கையைப் பிடித்தாள்.

நிவே விரலை எடுக்காமலே மெஷினை என் பக்கம் திருப்பினாள். அப்புறம்தான் விரலை எடுத்தாள். அவளே இன்னும் பார்க்கவில்லை.

"சொல்லுங்கப்பா, எவ்வளவு?"

சொன்னேன். இங்கே எழுதவில்லை. அது அவள் நோட்டில் இருக்கிறது.